தரம் 5 புலமைப்பரிசில்: முதலாம் வினாத்தாளில் நேரம் போதவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 5 படிப்பிக்கிறேன். வகுப்பில் 23 பிள்ளைகள். பரீட்சைக்கு இன்னும் 10 கிழமைதான் இருக்கிறது.

இரண்டாம் வினாத்தாளில் பிரச்சினை இல்லை, பலர் 60க்கு மேல் எடுக்கிறார்கள். நுண்ணறிவு வினாக்கள் வரும் முதலாம் வினாத்தாளில்தான் சிக்கல். 40 வினாவுக்கு 1 மணித்தியாலம். மூன்று மாதிரிப் பரீட்சையிலும் பாதிப் பேர் 28ஆம் வினாவைத் தாண்டவில்லை. செய்த வினாக்கள் பெரும்பாலும் சரி. ஒரு பிள்ளை உருவத் தொடரில் அடுத்து வரும் உருவத்தை விரலால் மேசையில் கீறிப் பார்த்துத்தான் விடை போடுகிறாள். விடை சரி, ஆனால் அந்த ஒன்றுக்கே 4 நிமிடம் போய்விடுகிறது. விளங்காமல் விடுகிறார்கள் என்றால் திரும்பப் படிப்பிக்கலாம். விளங்கியும் புள்ளி இழப்பதுதான் மனதை வருத்துகிறது.

கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்வித்தேன். காலையில் அரை மணித்தியாலம் முன்னதாக வகுப்பு வைக்கிறேன். கடினமானதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொன்னேன். அப்புறம் விட்ட வினாவைத் தேடுவதிலேயே நேரம் போனது, சிலர் விடையை இலக்கம் மாறி எழுதிவிட்டார்கள். வீட்டில் பயிற்சி கொடுக்கச் சொல்ல முடியாது, பெற்றோர் பலர் விடிய வேலைக்குப் போய் இருட்டித்தான் வருகிறார்கள்.

தரம் 5 படிப்பிக்கும் ஆசிரியர்களே, சரியாக, ஆனால் மெதுவாகச் செய்யும் பிள்ளைகளுக்கு வேகம் வர வகுப்பில் நீங்கள் தினமும் என்ன பயிற்சி கொடுத்தீர்கள்?