பையனுக்கு லைசென்ஸ்: இரவில் ஓட்டிப் பழகும் பத்து மணி நேரத்தைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள்

போன வாரம் பையனுக்கு லைசென்ஸ் வந்தது. நாங்கள் இருப்பது கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். பதினைந்தரை வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஆன்லைன் பாடம்தான் பெரிய மலை என்று நினைத்திருந்தேன். 30 மணி நேரப் பாடம். அவனோ கிறிஸ்துமஸ் லீவில் கட்டிலில் குப்புறப் படுத்து, பக்கத்தில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டே முடித்துவிட்டான். "அம்மா, இதெல்லாம் ஜுஜுபி" என்று வேறு சொன்னான்.

ஜனவரியில் டிஎம்வியில், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகத்தில், எழுத்துத் தேர்வு. 18 வயதுக்குக் கீழே என்றால் 46 கேள்வி, 38 சரியாக இருக்க வேண்டும். ஐயா எடுத்தது 37. நடைபாதை விளிம்பில் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தால் என்ன அர்த்தம் என்ற கேள்வியில் கவிழ்ந்திருக்கிறான். ஆளை ஏற்றி இறக்கும் நேரம் மட்டும் நிறுத்தலாம் என்று அர்த்தம். பள்ளி வாசலில் தினமும் அவனை நான் இறக்கிவிடுவதே அந்த வெள்ளை விளிம்பில்தான்! ஏழு நாள் கழித்து மறுபடி எழுதினான். அதற்குள் டிஎம்வி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தான். விளிம்பு நிறங்கள், மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது, இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைகளைக் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

பெர்மிட், அதாவது நம் ஊர் எல்எல்ஆர் மாதிரி, கைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அங்கேயே சாவியை நீட்டினார். பையன்தான் தடுத்தான். டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் வகுப்பில் கையெழுத்துப் போடும்வரை அந்த பெர்மிட் செல்லாது. அவரோடு ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். அவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நம் காரில் கிடையாது. அது முதல் ஞாயிற்றுக்கிழமையே புரிந்தது. பள்ளியின் காலி பார்க்கிங்கில் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்த காரில், இல்லாத பிரேக்கை என் வீட்டுக்காரர் மிதித்த மிதியில் காலடி மேட் சுருண்டு போயிருந்தது. கத்தல் தனி. இருபது நிமிஷத்தில் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து பக்கத்து சீட் எனக்கு.

இந்த ஊர் லைசென்ஸ் உள்ள, 25 வயது தாண்டிய ஒருவரோடு 50 மணி நேரம் பழக வேண்டும். பாடமெல்லாம் இங்கேதான் நடந்தது, அதுவும் பாதி எனக்கு. ஒருநாள் சிக்னலுக்கு முன்னால் சைக்கிள் லேனுக்குள் காரை விட்டான். "அதுல ஏறாதடா!" என்று கத்தினேன்.

"ஏறணும்மா. ரைட் திரும்ப இருநூறு அடி இருக்கறப்போ உள்ள வந்துடணும். இல்லேன்னா நமக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் நடுவுல சைக்கிள்காரன் வந்து மாட்டிப்பான்."

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். அவன் சொன்னதுதான் சரி. திருச்சியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய நான், இங்கே பதினாலு வருஷமாகத் தப்பாகத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த 50 மணி நேரத்தில் 10 இரவில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஐந்து, ஐந்தரைக்கே இருட்டிவிடும். சமையலுக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம். நாங்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஜூன் வரை தள்ளினோம். ஜூனில் எட்டரைக்குத்தான் சூரியனே இறங்குகிறது. ஒன்பதுக்குக் கிளம்பி பத்துக்குத் திரும்பி, மறுநாள் ஏழு மணி மீட்டிங்கில் நான் கொட்டாவி விட்டேன்.

அதில் ஓர் இரவு நைல்ஸ் கேன்யன் சாலை. தெருவிளக்கு இல்லை, ஒரு பக்கம் ஓடை, வளைவுக்கு மேல் வளைவு. எதிரே ஒரு லாரி ஹை பீமோடு வந்தது. பையனின் விரல் முட்டிகள் வெளுத்தன. "வெளிச்சத்தைப் பார்க்காதே, வலது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்" என்றேன். அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போனான். லாரி கடந்த பிறகுதான் மூச்சு விட்டான். நானும்.

பெர்மிட் வாங்கி ஆறு மாதம், வயது பதினாறு, இரண்டும் ஆனதும் கார் ஓட்டிக் காட்டும் தேர்வு. முதல் தடவை காரைக்கூட எடுக்கவில்லை. டேஷ்போர்டில் நான் வைத்திருந்த இன்ஷூரன்ஸ் அட்டை போன மாதமே காலாவதி. திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழுக்க என் தப்பு. பையன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த தேதியில் பாஸ்.

தங்கையை டான்ஸ் கிளாஸில் கொண்டுபோய் விடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் பன்னிரண்டு மாதம் இருபது வயதுக்குக் கீழே யாரையும் தனியாக ஏற்றக் கூடாது. இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டவும் கூடாது. வேறு வழியே இல்லாத குடும்பத் தேவைக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். பரதநாட்டியத்தை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கே மனசு வரவில்லை.

ஆஸ்டினிலிருந்து ஓர் அப்பா

எங்கள் டெக்சாஸில் பெற்றோரே வாத்தியார் ஆகலாம். முறைப்படி விண்ணப்பித்து, ஆன்லைன் கோர்ஸை வைத்து நானே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 32 மணி நேரம் பாடம், 44 மணி நேரம் காரில். அந்த 44-இல் ஏழு மணி நேரம் வேறொருவர் ஓட்டுவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்தாள். அந்த ஏழு மணி நேரத்தில் நான் ஓட்டுவதில் கண்ட குறைகளைப் போனில் குறித்து வைத்து, அம்மாவிடம் வாசித்தும் காட்டினாள். மானம் போயிற்று.

எச்சரிக்கை ஒன்று. தேர்வுக்கு முன்னால் இரண்டு மணி நேர வீடியோ பார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது 90 நாள்தான் செல்லும். நல்ல பிள்ளையாக முன்கூட்டியே பார்க்கச் சொன்னேன். தேர்வுத் தேதி தள்ளிப்போனதில் காலாவதியாகி, மறுபடி முழுசாகப் பார்த்தாள்.

நியூ ஜெர்சியிலிருந்து

கொடுத்துவைத்தவர்கள்! இங்கே தனியாக ஓட்ட 17 ஆக வேண்டும். புதிதாக ஓட்டுபவர் 21 வயதுக்குள் இருந்தால் நம்பர் பிளேட்டில் முன்னும் பின்னும் சிவப்பு ஸ்டிக்கர் வேறு. 2010-இலிருந்து இந்தச் சட்டம். பிள்ளை ஓட்டிய காரில் ஸ்டிக்கரை எடுக்க மறந்து அதோடேயே ஆபீஸ் போய்விட்டேன். பார்க்கிங்கில் எல்லாரும் எனக்கு ரொம்ப மரியாதையாக வழிவிட்டார்கள். அது இருக்கட்டும், இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஏறியது?

ஃப்ரீமான்ட் அம்மாவின் பதில்

கேட்காதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தள்ளுபடி உண்டு, பி சராசரி இருந்தால் மார்க் ஷீட்டை அனுப்புங்கள் என்றார்கள். கெமிஸ்ட்ரியில் சி என்பது அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.