பார்மசியில் கருத்தடை மாத்திரை: திரை சிவப்பு காட்டினால் பேச்சு முடிந்ததா?

கவுன்ட்டர்_கயல்
கலிபோர்னியாவில் 2016 ஏப்ரலில் இருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட் கருத்தடை மாத்திரை, தோலில் ஒட்டும் பேட்ச், ஊசி கொடுக்கலாம். 2013-இல் நிறைவேறிய எஸ்.பி. 493 சட்டம் கொடுத்த உரிமை அது. வருபவர் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்தது என்றால் உட்காரவைத்து பி.பி. பார்க்க வேண்டும். பிறகு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் தகுதி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்: வகை 1, 2 கொடுக்கலாம்; 3 என்றால் பெரும்பாலும் பயனைவிட ஆபத்து அதிகம்; 4 என்றால் கூடவே கூடாது. இந்த ஒப்பீட்டை மென்பொருளிடம் விட்டுவிட்டு, 3 அல்லது 4 வந்தால் திரையே சிவப்பாகிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது, 36 வயதுக்காரர் தினமும் எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பது மனுஷ மூளையில் நிற்காது.

தேனருவி
பூட்டுங்கள், ஆனால் உள்ளே போகிற பதில் சரியா என்று முதலில் பாருங்கள். 'ஆராவுடன் கூடிய மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) உண்டா?' என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஆரா என்றாலே தெரியாது. வெளிச்சம் கூசும் தலைவலிக்காரர் 'ஆம்' என்பார். வெளிச்சக் கூச்சம் ஆரா இல்லை, ஆனாலும் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்ததற்கு வகை 4 விழுந்துவிடும். நிஜமாகவே ஆரா உள்ளவர் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் பக்கவாத அபாயத்தோடு அந்த மாத்திரையை வாங்கிப் போவார். கேள்வியை இப்படி உடைக்க வேண்டும்: 'தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தெரியுமா? பார்வையில் ஒரு பகுதி மறையுமா? எத்தனை நிமிஷம் இருக்கும்?' 5 முதல் 60 நிமிஷம் இருந்து தானே போய்விட்டால் ஆராவாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ், ஸ்பானிஷ் என்று மொழிபெயர்க்கும்போது இந்த விவரிப்பைத்தான் மொழிபெயர்க்க வேண்டும், 'ஆரா' என்ற சொல்லை அல்ல. ஆங்கிலம் தெரியாதவருக்கு அவர் மொழியில் கேள்வித்தாள் தர வேண்டும் என்று கலிபோர்னியா நெறிமுறையே சொல்கிறது.

செமிகோலன்
விதியை எழுதுவதிலும் பிழை வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்ததைத் தடுக்கும் பி.பி. நிபந்தனை 'மேல் எண் 140-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் 90-ஓ அதற்கு மேலோ'. அந்த 'அல்லது' என்ற இடத்தில் 'மற்றும்' விழுந்துவிட்டால் 138/94 பச்சையாகப் போய்விடும். இன்னொன்று: அம்லோடிபின் என்ற பி.பி. மருந்து சாப்பிட்டு 124/78-இல் இருப்பவர். எண்ணை மட்டும் பார்த்தால் பச்சை. அட்டவணைப்படி, மருந்தால் கட்டுக்குள் உள்ள ரத்தக்கொதிப்பும் ஈஸ்ட்ரோஜன் கலந்ததற்கு வகை 3. ஆகவே பி.பி. கட்டம் மருந்துப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும்.
வயதும் அப்படித்தான். புகைப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்தது 34 வயதில் வகை 2, 35 பிறந்த அன்று 3, அப்போது தினம் 15 சிகரெட்டோ அதற்கு மேலோ என்றால் 4. ஒரு வருஷத்துக்கு ரீஃபில் எழுதிவிட்டு மறந்துபோகிற நிரல் இதைப் பிடிக்காது. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்.

கவுன்ட்டர்_கயல்
இதெல்லாம் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மனுஷன் மறப்பதை நிரலுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

தேனருவி
எதைப் பூட்டுகிறோம் என்பதில்தான் நாம் பிரிகிறோம். 146/92 வந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு வகை 3, புரொஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைக்கு வகை 1. ஆரா உள்ளவருக்கும் அந்த மாத்திரை வகை 1-தான். மருந்தைப் பூட்டுவதற்குப் பதில் திரையையே பூட்டினால், வாசல் வரை வந்த பெண் வெறுங்கையோடு திரும்புவார். திட்டமிடாத கர்ப்பத்தின் ஆபத்து புரொஜெஸ்டின் மாத்திரையின் ஆபத்தைவிடப் பெரிது என்பதை அந்தச் சிவப்புத் திரை சொல்லாது.

பழைய_சீட்டு
அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. 'சிவப்பு வந்தால் புரொஜெஸ்டின் மாத்திரையைக் காட்டு' என்று ஒரே வரியில் எழுதினால் வலிப்பு மருந்தில் மாட்டிக்கொள்வோம். லாமோட்ரிஜின் சாப்பிடுபவருக்கு ஈஸ்ட்ரோஜன் அந்த மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பைக் கொண்டுவரலாம், புரொஜெஸ்டின் மாத்திரைக்குத் தடையில்லை. கார்பமசெபினில் கதை தலைகீழ்: அது கருத்தடை ஹார்மோனை உடலில் வேகமாகச் சிதைத்து அளவைக் குறைத்துவிடும். புரொஜெஸ்டின் மாத்திரையும் வகை 3. ஊசிதான் வகை 1. இரண்டையும் 'வலிப்பு மருந்து' என்று ஒரே பெட்டியில் போட்டால் ஒருவருக்கு நல்ல வழி அடைபடும், இன்னொருவர் கர்ப்பமாவார். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கும் கார்பமசெபின் வழிதான். வேறு கடையில் வாங்கிய மருந்து நம் திரையில் தெரியாது என்பதால் வாய்விட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை.

செமிகோலன்
லேபிளையும் கவனியுங்கள். மாதவிடாய் ரத்தப்போக்கு தொடங்கி 5 நாளுக்கு மேல் ஆனபின் ஆரம்பித்தால், புரொஜெஸ்டின் வகையான நாரெதிண்ட்ரோன் மாத்திரைக்கு 2 நாள் ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு போதும். இன்னொரு புரொஜெஸ்டினான ட்ரோஸ்பைரினோன் மட்டும் உள்ளதற்கு ஒரு நாள் கடந்தாலே 7 நாள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம் அச்சடிப்பது சோம்பேறித்தனம்.

கவுன்ட்டர்_கயல்
சரி, மருந்து வாரியாகப் பூட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகை 3-க்கு 'மீறு' பொத்தான் வைத்தால் எல்லாரும் அதையே அழுத்துவார்கள்.

தேனருவி
பொத்தான் இல்லாவிட்டால் 139/89 என்று தட்டுவார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் பதிவேடே பொய்யாகிவிடும். முதல் அளவில் மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டால் நிரல் 5 நிமிஷக் கடிகாரத்தை ஓடவிடட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை இதய உயரத்தில் இருக்கிறதா, கையில் சுற்றும் பட்டையான கஃப் அளவு சரியா என்று கேட்கட்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் எண் கூடித்தான் காட்டும். இரண்டு அளவுமே நேரத்தோடு பதிவாகட்டும், முதலாவதை அழிக்க முடியாதபடி. மீறுவதானால் காரணம் எழுதட்டும், எந்த டாக்டரோடு பேசினார் என்பதோடு. வகை 4-க்குப் பொத்தானே வேண்டாம்.

பழைய_சீட்டு
குறுஞ்செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'உங்கள் கருத்தடை மாத்திரை தயார்' என்று குடும்பத்துக்கே பொதுவான போனுக்குப் போனால் அந்தப் பெண் மறுபடி வரமாட்டார். 'உங்கள் ஆர்டர் தயார்' என்பதே போதும். எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்பதைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும்.

கவுன்ட்டர்_கயல்
வகை 4-க்குப் பொத்தான் இல்லை என்றால் மீதி எனக்குச் சம்மதம். ஆனால் காரணம் எழுதும் கட்டத்தில் ஒற்றைப் புள்ளி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிரல்தான் இன்று பல இடத்தில் ஓடுகிறது. அதற்கு என்ன செய்யலாம், செமிகோலன்?

செமிகோலன்
பட்டியலிலிருந்து ஒரு காரணம், கூடவே டாக்டர் பெயர், பேசிய நேரம். மூன்றும் நிரம்பாமல் லேபிள் அச்சாகாது. 138/94, அம்லோடிபினோடு 124/78, நாளை 35 வயதாகும் புகைப்பவர், கார்பமசெபின், லாமோட்ரிஜின், பிரசவமாகி 20 நாள், 22 நாள் என்று சோதனைகளை எழுதத் தொடங்குகிறேன். விடுபட்டதைச் சொல்லுங்கள்.