பிரேக்க விட்டா வண்டி தானா நகருதே, அந்த "க்ரீப்"புக்கு தமிழ்ல என்ன சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

ரெண்டு வாரமா ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வெச்ச சின்ன பெட்ரோல் எஸ்யூவி ஓட்டறவங்களுக்கு தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், பத்து பன்னெண்டு பக்கம்தான், எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்காக. எஞ்சின், கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் அப்படியே விட்டுட்டேன், அதுக்கு யாரும் சண்டைக்கு வராதீங்க, படிக்கறவருக்கு புரியணும். ஆனா டி-ல (முன்னாடி போற டிரைவ்) கியர போட்டு பிரேக்குல இருந்து கால எடுத்தா, ஆக்சிலரேட்டர தொடாமலே வண்டி மெதுவா முன்னாடி போகுமில்லீங்க, இங்கிலீஷ்ல க்ரீப்ங்கறாங்க, அதுக்கு நம்மகிட்ட பேரே இல்ல. பேர் இல்லாததால யாரும் சொல்லிக் குடுக்கறதும் இல்ல.

ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்னா, அப்பாவுக்கு 68 வயசு, நாப்பது வருசம் கிளட்ச் மிதிச்ச காலு. சிக்னல்ல நின்னா நியூட்ரல தட்டிட்டு ரெண்டு காலையும் எடுத்து வெச்சு உக்கார்ற ஆளு. புது வண்டி வந்த மூணாம் நாளு காந்திபுரத்துல சிக்னல், வண்டி டி-லயே இருக்கு, இவரு பழக்க தோசத்துல கால எடுத்துட்டு மூக்குக்கண்ணாடிய கழட்டி துண்டுல தொடச்சிட்டு இருந்திருக்காரு, வண்டி அதுபாட்டுக்கு போயி முன்னால நின்ன ஸ்கூட்டரோட நம்பர் பிளேட்ட மடக்கிருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, நானூறு ரூவா குடுத்து சமாதானம் ஆச்சு. ஆனா வீட்டுக்கு வந்து "வண்டில என்னமோ இருக்குதுடா"ன்னு சாவிய ஆணில மாட்டிட்டாரு. வண்டி டெலிவரி குடுத்த பையன் ஃபோன எப்படி கனெக்ட் பண்றதுன்னு இருபது நிமிசம் சொன்னான், இத சொல்லல. கூட வந்த புஸ்தகம் முழுக்க இங்கிலீசு.

என்னோட முதல் யோசனை "ஊர்வு". உங்க கருத்த சொல்லுங்க.

———

நண்பருக்கு வணக்கம். ஊர்தல் என்றால் ஏறிச் செல்வதும் ஆகும். குறள்ல பல்லக்குல போறவன "ஊர்ந்தான்"னுதான் சொல்லியிருக்கு, ஊர்தி என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே. அப்போ ஊர்வு என்றால் ஓட்டுறவன் செயலா வண்டியின் செயலா? குழப்பம். "தவழ்வு" வைக்கலாம், மென்மையாகவும் இருக்கு. தஞ்சாவூரிலிருந்து.

———

அண்ணே நாங்க பட்டறைல "இழுக்குது"ன்னு தான் சொல்வோம். பிரேக்க விட்டா வண்டி இழுக்கும் அவ்ளோதான். எதுக்கு புதுசா. சேலம்.

———

ஊர்வு வேண்டாம் என்பது என் கருத்து. உலோகவியல்லயும் க்ரீப் இருக்கு, சூட்டுலயும் பளுவுலயும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமா நீளுறது. ரெண்டுக்கும் ஒரே சொல் வெச்சா நாளைக்கு மாணவன் குழம்புவான். நான் "மெல்லுந்தல்" சொல்றேன், எஞ்சின் மெல்ல உந்துறதால. அப்புறம் ஒரு சந்தேகம், எல்லா ஆட்டோமேட்டிக் வண்டியும் இப்படி நகருமா? ஒண்ணுதானே எல்லாம்?

———

எங்கட பக்கம் ஜப்பான் வாகனங்கள்தான் கூட, முக்கால்வாசி ஓட்டோ கியர். "பிரேக்க விட வாகனம் தானா போகும்" எண்டு சொல்லிப்போட்டு விடுவம். ஒரு சொல் வந்தா நல்லதுதான். ஊர்வு எனக்குப் பிடிச்சிருக்கு.

———

எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா கேட்ட சந்தேகத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுலதான் விசயமே இருக்கு.

எல்லாம் ஒண்ணு இல்லீங்க. இந்த நாலு மீட்டருக்குள்ள இருக்கற குட்டி எஸ்யூவிலயே நாலு சாதி ஆட்டோமேட்டிக் இருக்கு, ஷோரூம்ல நாலையும் "ஆட்டோ"ன்னு ஒரே பேர்ல வித்துடறாங்க. மாருதி பிரெஸ்ஸாவுல டார்க் கன்வெர்ட்டர், டாடா பஞ்ச்ல ஏஎம்டி, நிசான் மேக்னைட் டர்போவுல சிவிடி, 2019-ல வந்த ஹூண்டாய் வென்யூ டர்போவுல ஏழு கியர் டிசிடி (ஒவ்வொண்ணும் என்னன்னு கீழ சொல்றேன்). கடைசி ரெண்டும் நம்ம ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துல இருந்து வந்த வண்டிங்க.

பிரெஸ்ஸாவ எடுத்துக்கங்க, என் கையேட்டுக்கு அததான் உதாரணமா வெச்சிருக்கேன். 2020-ல பெட்ரோல் வந்தப்ப நாலு கியர் ஆட்டோமேட்டிக், 2022-ல இருந்து ஆறு கியர். நாலு கியர் காலத்துல கியருக்கும் கியருக்கும் நடுவுல இருந்த பள்ளம் ஆறு வந்ததும் குறைஞ்சுது, ஹைவேல எஞ்சின் கத்தறதும் குறைஞ்சுது.

இதுல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல மேனுவல்ல இருக்கற மாதிரி கிளட்ச் தகடு இல்ல, எண்ணெய்தான் இருக்கு. கோயமுத்தூர்க்காரன் நானு, கிரைண்டர வெச்சே சொல்றேன். கிரைண்டர்ல மோட்டார் சுத்தறது டிரம்ம மட்டும்தான். உள்ள இருக்கற கல்லுக்கு மோட்டாரோட ஒரு சம்பந்தமும் கிடையாது, டிரம்மும் மாவும் இழுத்துட்டுப் போறதுலயே கல்லு சுத்துது. மாவு தள்ளிவிடும்போது கை பட்டு கல்லு நின்னாலும் டிரம்மு நிக்காது, கைய எடுத்தா கல்லு மறுபடி சுத்த ஆரம்பிச்சுடும். டார்க் கன்வெர்ட்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். எஞ்சின் பக்கம் ஒரு இறக்கைச் சக்கரம், கியர்பாக்ஸ் பக்கம் ஒண்ணு, நடுவுல எண்ணெய். எஞ்சின் சும்மா ஐடில்ல 700, 800 ஆர்பிஎம்ல சுத்தும்போதே அந்தப் பக்கம் எண்ணெய அடிச்சுட்டேதான் இருக்கும். பிரேக்குங்கறது கல்லைப் பிடிச்ச கை. கைய எடுத்தா கல்லு சுத்தும், கால எடுத்தா வண்டி போகும். எங்கப்பா வண்டில "என்னமோ இருக்குது"ன்னு சொன்னது இந்த எண்ணெயத்தான்.

நடுவுல மூணாவதா ஸ்டேட்டர்னு ஒரு சின்ன சக்கரம், திரும்பி வர்ற எண்ணெய திசை மாத்தி விட்டு, கிளம்பும்போது டார்க்க, அதாவது சுத்தற விசைய, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கிக் குடுக்கும். வேகம் எடுத்தப்புறம் லாக்-அப் கிளட்ச் பிடிச்சு நேரா இணைச்சுடும், அப்ப எண்ணெய்ல வீணாகறது நிக்கும். இந்த டார்க் கன்வெர்ட்டர் காருக்குன்னு வந்ததே இல்ல, ஹெர்மன் ஃபோட்டிங்கர்னு ஜெர்மன்காரர் கப்பலுக்காக யோசிச்சு 1905-ல பேடன்ட் வாங்கினது, கப்பல்ல டர்பைன் ரொம்ப வேகமா சுத்தும், தண்ணிய தள்ற காத்தாடி மெதுவா சுத்தணும், அதுக்காக.

ஏஎம்டி இதுக்கு நேர் எதிர். அது நம்ம பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்ச மிதிக்கறதுக்கும் கியர மாத்தறதுக்கும் நம்ம காலு கைக்கு பதிலா ஒரு கருவி. டிசிடி-ல ரெண்டு கிளட்ச், ஒத்தப்படை கியர் ஒண்ணுல, இரட்டைப்படை இன்னொண்ணுல. இந்த ரெண்டுலயும் பிரேக்க விட்டா வண்டி நகருதுன்னா, கம்ப்யூட்டர் வேணும்னே கிளட்ச பாதி பிடிச்சு நகர்த்துதுன்னு அர்த்தம். எழுதி வெச்சா உண்டு, இல்லாட்டி இல்ல. சிவிடி-ல பெல்ட்டும் ரெண்டு கப்பியும், ஆனா நிறைய வண்டில அதுக்கு முன்னாடி ஒரு டார்க் கன்வெர்ட்டர வெச்சிருப்பாங்க, அதனால பிரெஸ்ஸா மாதிரியே போகும். எலக்ட்ரிக் வண்டில ஐடிலே கிடையாது, அதுல முழுக்க செட்டிங்தான்.

இது வெறும் படிப்பு விசயம் இல்ல. டார்க் கன்வெர்ட்டர் வண்டில நெரிசல்ல இப்படி ஒவ்வொரு அடியா போனா பெருசா ஒண்ணும் கெடாது. உலர் கிளட்ச் (எண்ணெய்ல முங்காத கிளட்ச்) டிசிடி-ல சென்னை ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல மணிக்கணக்கா அப்படியே போனீங்கன்னா பாதிக் கிளட்ச்லயே ஓடி சூடேறும், டேஷ்போர்டுல எச்சரிக்கை கூட வரும். முன்னால ரெண்டு வண்டி இடம் விடட்டும்னு நின்னு, அப்புறம் ஒழுங்கா கிளம்பறதுதான் அதுக்கு நல்லது. இத கையேட்டுல எழுதணும்னா எனக்கு பேர் வேணும், ஒவ்வொரு தடவையும் "பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது வண்டி தானாக நகரும் தன்மை"ன்னு எழுதிட்டே இருக்க முடியாது.

இப்ப சொல்லுக்கு வர்றேன்.

> நாங்க பட்டறைல "இழுக்குது"ன்னு தான் சொல்வோம்

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, இழுக்குதுங்கறது ஏற்கனவே ரெண்டு வேலை பாக்குது. அலைன்மென்ட் போனா "லெஃப்ட்ல இழுக்குது", பிக்கப் நல்லா இருந்தா "சூப்பரா இழுக்குது". மூணாவதா இதையும் தூக்கி வெச்சா, நீங்களே ஃபோன்ல கஸ்டமர் "வண்டி இழுக்குதுங்க"ன்னதும் எதப் பாப்பீங்க?

> நான் "மெல்லுந்தல்" சொல்றேன்

கேக்க நல்லாத்தான் இருக்குங்க. ஆனா பேருந்து, சிற்றுந்து, மகிழுந்துன்னு உந்து முழுக்க வண்டிக்குப் பேரா போயிருச்சு, மெல்லுந்துன்னா மெதுவா போற ஏதோ டவுன் பஸ்ஸுன்னு நினைப்பாங்க. உலோகத்து க்ரீப்புக்கு இதே சொல் வரக்கூடாதுங்கறீங்க, சரிதான், ஆனா அந்தக் குழப்பம் இங்கிலீஷ்காரனோடது. அவன் ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சான்னு நாமளும் அந்த முடிச்ச சுமக்கணுமா? உலோகம் எங்கயும் ஊர்ந்து போகல, இருந்த இடத்துலயே நீளுது. அதுக்கு நீள்வுன்னோ வேற எதுவோ உலோகம் தெரிஞ்சவங்க பாத்துக்கட்டும்.

தவழ்வு பத்தி, ஐயா, உங்ககூட வாதாட எனக்கு தமிழ் பத்தாது. ஆனா தவழ்றதுக்கு கையும் முட்டியும் வேணுமில்லீங்களா, குழந்தை தவழும்போது ஒரு முயற்சி தெரியும். இந்த வண்டி போறது அப்படி இல்ல, சத்தமே இல்லாம, யாரும் பாக்காதப்ப போகும், எறும்பு போற மாதிரி. குறள் சொன்னீங்க, அது எனக்கு சாதகமாத்தான் படுது. பல்லக்குல ஊர்ந்தவன் மனுசன், பல்லக்கு இல்ல. காந்திபுரத்துல எங்கப்பா ஒண்ணுமே ஊரல, கண்ணாடி தொடச்சிட்டு இருந்தாரு, ஊர்ந்தது வண்டி. சொல்லு கை மாறினதும் வண்டி ஓட்டறது கை மாறினதும் ஒண்ணாத்தான் நடந்திருக்கு.

ஊர்வுல எனக்கே ஒரு சங்கடம் இருக்கு. பேப்பர்ல "வாகனங்கள் ஊர்ந்து சென்றன"ன்னு மழை பேஞ்சா போதும் எழுதிடறாங்க. அது ஓட்டறவன் மெதுவா ஓட்டறது. இது தானா போறது. அந்த "தானா"வ உள்ள கொண்டு வரணுமான்னு யோசிச்சு "தன்னூர்வு"ன்னு போட்டுப் பாத்தேன்.

———

தன்னூர்வா? பொங்கலுக்கு சொந்த ஊருக்கு கிளம்பறது மாதிரி இருக்கு அண்ணே 😀 சேலம்.

———

இலக்கணப்படி புணர்ச்சி சரிதான். ஆனா அவர் சொல்றதும் சரிதான். தானூர்வு என்றாலும் கேரளத்துல தானூர் நினைவுக்கு வரும். ஊர்வு என்றே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. தவழ்வை குழந்தைக்கே விட்டுடறேன்.

———

சொல்ல சோதிச்சுப் பாக்கணும்னா கூட்டுச்சொல் போட்டுப் பாருங்க. ஊர்வு வேகம், ஊர்வு நிறுத்தம், ஊர்வு இல்லா வண்டி. எதிர்மறை "ஊராது". எல்லாம் வாயில வருது. மெல்லுந்தல் வேகம்னு சொல்லிப் பாத்தேன், நாக்கு சுத்திக்குது. வாபஸ்.

———

நன்றிங்க எல்லாருக்கும். அப்ப தலைப்புல ஊர்வு, வாக்கியத்துல "வண்டி தானா ஊரும்"னு வினையாவே வெச்சுக்கிறேன், தானாங்கறது வாக்கியத்துலயே வந்துடுது, சொல்லுக்குள்ள திணிக்க வேண்டாம். நேத்து ராத்திரி அந்தப் பக்கத்த திருத்தி எழுதினேன்:

"ஊர்வு: கியர் டி-யில் இருக்கும்போது பிரேக்கை விட்டால் வண்டி தானாக ஊரும். சமதரையில் ஆறேழு கிலோமீட்டர் வேகம் வரை போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐடில் அதிகமாக இருப்பதால் இன்னும் வேகமாக ஊரும், அப்போது ஷெட்டிலிருந்து எடுக்கும்போது கவனம். ஏற்றத்தில் ஊராமல் பின்னால் உருளவும் கூடும். நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில் கால் இருக்க வேண்டும், நீண்ட நேரம் நிற்பதென்றால் என்-இல் போட்டு ஹேண்ட்பிரேக்."

பிரின்ட் எடுத்து அப்பாகிட்ட குடுத்தேன். க்ரீப்ங்கற வார்த்தையே அவருக்கு தெரியாது, நானும் சொல்லல. திண்ணைல உக்காந்து ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் தலைய தூக்கி, "ஏங்கண்ணு, ஆர்-ல போட்டாலும் ஊருமா?"ன்னாரு.

ஊரும்ங்க. அத எழுதவே மறந்திருக்கேன். இப்ப சேத்துட்டேன். பின்னாடி ஊர்றதுக்கு தனியா ஒரு சொல் வேணும்னு யாரும் ஆரம்பிச்சிடாதீங்க, ப்ளீஸ்.