ஸ்பின்னர் போட்டா லைன் முறுக்கிக்குது, விராலும் அடிக்கல – உதவி தேவை

ஏரிக்கரையான்:
செங்கல்பட்டு பக்கம் ஒரு ஏரி. கலங்கல் (உபரித் தண்ணி வழியிற இடம்) ஓரமா மீன் பிடிக்க 3ஆம் நம்பர் வெள்ளி ஸ்பின்னர் போடுறேன், அதான் இழுத்தா பிளேடு (தகடு) சுத்துற லூர், செயற்கை இரை. 0.30 மி.மீ. நைலான் லைன். கொஞ்ச நேரத்துலயே லைன் சுருண்டு ரீல்ல இருந்து கொத்தா வந்துடுது. லூர் மூக்குலயே ஸ்விவல் (முறுக்கு ஏறாம சுழல்ற இணைப்பு) மாட்டியிருக்கேன், பிரயோஜனம் இல்ல. விரால் பின்னாடியே வருது, வாயை வைக்கல. பாசி வேற. எதை மாத்தணும்?

மதகடி:
காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி, காலடித் தண்ணில லூரை இழுத்துப் பாருங்க. பிளேடு மட்டும்தான் சுத்தணும். உடம்பும் சேர்ந்து சுத்துதுன்னா நடுக்கம்பி வளைஞ்சிருக்கும், இல்ல நீங்க ரொம்ப வேகமா ரீல் பண்றீங்க. ஸ்விவலை லூர்ல இருந்து ஒண்ணரை அடி மேல தள்ளிக் கட்டுங்க. மூக்குல கனம் தொங்கினா ஆட்டம் கெட்டுடும். பால்பேரிங் வச்சதா இருந்தா நல்லது.

இன்னொண்ணு, நிறையப் பேர் கவனிக்கிறதில்ல. பாசியோ மீனோ இழுத்து டிராக் (ரீலோட பிரேக்) கரகரன்னு வழுக்கி லைன் வெளிய போகும்போது கைப்பிடியைச் சுத்தாதீங்க. சுத்தச் சுத்த லைன்ல முறுக்கு ஏறும். ஏறின முறுக்கை எடுக்க, லூரைக் கழட்டிட்டு லைனைப் புல்லு மேல நீளமா விட்டு, ஈரத்துணியால பிடிச்சபடி திரும்ப ஏத்துங்க.

அல்லிக்குளம்:
பாசிக்குள்ள இந்த ஸ்பின்னர் சரிப்படாது சார். ஊக்கு மாதிரி வளைஞ்ச கம்பில பிளேடு மேலயும் ஒத்தை முள்ளு கீழயும் இருக்கிற ஸ்பின்னர்பெய்ட் போடுங்க. இலை மூடின இடத்துல ரப்பர் தவளைதான்.

திறந்த தண்ணில உங்க ஸ்பின்னரே போதும். விழுந்ததும் ராட் நுனியால ஒரு சுண்டு, பிளேடு கிளம்பிடும். அப்புறம் மெதுவா. விரால் பின்னாடி வர்றது தெரிஞ்சா ஒரு நொடி நிறுத்தி, லூரைக் கீழ விழவிட்டு மறுபடி இழுங்க; பல நேரம் அங்கதான் அடிக்கும். தண்ணி கலங்கியிருந்தா வெள்ளிக்குப் பதிலா செம்பு நிறத்துல வட்டமான கொலராடோ பிளேடு போடுங்க. மெதுவா இழுத்தாலும் சுத்தும், அதிர்வும் அதிகம். ஒல்லியான வில்லோ பிளேடுக்கு வேகம் வேணும்.

ஆரஞ்சு நிறக் குஞ்சுக் கூட்டம் மேல கொப்பளிச்சா அந்தப் பக்கமே போடாதீங்க. தாயும் தகப்பனும் காவல் இருக்கும்.

மதகடி:
ஏரி குத்தகைல இருக்கா? எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஏரிக்கரையான்:
கேட்டுட்டேன்ணே. மதகுப் பக்கம் வலை கிடக்கு, அங்க மட்டும் வராதேன்னார். கம்பி லேசா வளைஞ்சுதான் இருந்துச்சு, பிளையரால நிமிர்த்தியாச்சு. இப்ப பிளேடு மட்டும் சுத்துது. மூணுமுள்ளுக்குப் பதிலா இந்த லூர்லயே ஒத்தை முள்ளு போடலாமா?

அல்லிக்குளம்:
தாராளமா. கண் (மாட்டுற வளையம்) பெருசா இருக்கிற முள்ளா பாத்து வாங்குங்க, நுனி மேல பாக்கிற மாதிரி மாட்டுங்க. பாசி சிக்குறது பாதி குறையும்.