மறுமொழி: ரியாக்டிவ் பவர் – ‘புலத்திறன்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

மாறுதிசை மின்சாரத்தில் வேலையாக மாறாமல் சுமைக்கும் மின்கட்டமைப்புக்கும் (கிரிட்) இடையே போய்த் திரும்பும் திறன்தான் ரியாக்டிவ் பவர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை வீண்திறன், எதிர்வினைத்திறன், சுழித்திறன், ஊசல்திறன். நான் மலேசியாவில் பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் தொழிற்சாலை ஜெனரேட்டர்களைக் கிரிட்டோடு இணைக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்குள் மலாயும் தமிழும் கலந்துதான் பேச்சு. மலாயில் ‘குவாசா ரியாக்திஃப்’ என்று கடன் வாங்கியே முடித்துவிட்டார்கள். தமிழில் ‘வார் ஏத்து, வார் இறக்கு’ என்போம். அதுவே போதும் என்று ஈப்போ நண்பர் எழுதியிருந்தார். ஆனால் வார் என்பது ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு. வாட் இருக்கிறது என்பதற்காகத் திறன் என்ற சொல்லை நாம் கைவிடவில்லையே.

முதலில் வீண்திறன். இதை ஏற்கவே கூடாது. ஒரு தொழிற்சாலையின் சுமை 5 மெகாவாட், 3 மெகாவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறன்காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் திறனில் வாட்டின் பங்கு) 0.857. இங்கே மின்வாரியமான தெனாகா நேஷனல் 132 கிலோவோல்ட்டுக்குக் கீழான இணைப்புகளுக்கு 0.85-ஐ எல்லையாக வைத்திருக்கிறது, அதற்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். ஆக, தொழிற்சாலை மயிரிழையில் தப்புகிறது. இப்போது உள்ளேயே ஒரு ஜெனரேட்டரை நிறுவி 3 மெகாவாட் எடுக்கிறார்கள், வார் எதுவும் தராமல். கிரிட்டிலிருந்து வருவது 2 மெகாவாட்டாகக் குறைகிறது. வார் மட்டும் அதே 3. மீட்டரில் திறன்காரணி 0.555! மின்சாரத்தை மிச்சம் பிடித்தவருக்கு அபராதம். அதே ஜெனரேட்டர் 2 மெகாவாரும் சேர்த்துத் தந்தால் கிரிட்டிலிருந்து 2 மெகாவாட், 1 மெகாவார், திறன்காரணி 0.894. அதற்காக எரிபொருள் செலவும் பெரிதாகக் கூடுவதில்லை. சுருள்களில் ஓடும் மின்னோட்டம் கூடுவதால் வரும் சூட்டிழப்பு மட்டும்தான் கூடுதல். இத்தனை வேலை செய்வதை வீண் என்று பெயரிட்டால், படிக்க வரும் பிள்ளை அதைப் பூஜ்யமாக்குவதுதான் நல்லது என்று நினைத்துக்கொள்ளும்.

எதிர்வினைத்திறன் வேதியியலுக்குப் போய்விடுகிறது. போதாததற்கு இலங்கைத் தமிழில் வினைத்திறன் என்றால் எஃபிஷியன்சி. சுழித்திறன் இலக்கணமாகச் சரி, சராசரி சுழி, அதாவது பூஜ்யம்தானே. ஆனால் ‘சுழித்திறனை 2 மெகாவாருக்கு ஏற்று’ என்று கட்டுப்பாட்டு அறையில் எப்படிச் சொல்வது?

ஊசல்திறன் எனக்கும் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஃபேஸிலும் ஆற்றல் போய்ப் போய்த் திரும்புகிறது. 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 முறை. தடுப்பது ஒரே ஒரு விஷயம். மின்கட்டமைப்பில் ஒரு பழுதுக்குப் பிறகு ஜெனரேட்டர்களுக்கிடையே மெகாவாட் அலைபாய்வதைப் ‘பவர் ஸ்விங்’ என்கிறோம். ஊசல் என்ற சொல் அதற்குத்தான் வேண்டும். பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே பாதுகாப்பு பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்.

அதனால்தான் புலத்திறன். மோட்டாரின் காந்தப்புலம், மின்தேக்கியின் மின்புலம் இரண்டிலும் ஏறி இறங்கும் ஆற்றலைச் சார்ந்தது இது. காந்தப்புலம் என்ற சொல் பள்ளியிலேயே தெரிந்தது, எனவே புலன் என்று குழம்ப வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் பக்கத்தில் இந்தச் சொல் இன்னும் அழகாகப் பொருந்துகிறது. பெரிய கிரிட்டோடு இணைந்த ஜெனரேட்டருக்கு அதிர்வெண் கிரிட்டின் கையில். மின்னழுத்தமும் பெரும்பாலும் அப்படித்தான். எரிபொருளையோ நீராவியையோ கூட்டினால் மெகாவாட் கூடும். காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டினால் மெகாவார் கூடும், அதாவது புலத்தை ஏற்றினால் புலத்திறன் ஏறுகிறது. தனியாக ஓடும் ஜெனரேட்டரில் அதே குமிழைத் திருகினால் மின்னழுத்தம்தான் ஏறும். எத்தனை வார் என்பதைச் சுமை முடிவு செய்யும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிபடத்தான் நாளாகிறது.

இதிலிருந்து மற்றவை வரும்: புலத்திறன் ஈதல் (கிரிட்டுக்குத் தருவது), புலத்திறன் ஏற்றல் (கிரிட்டிலிருந்து வாங்கிக்கொள்வது), மிகைக்கிளர்வு (புலச்சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டி ஓட்டுவது), குறைக்கிளர்வு (குறைத்து ஓட்டுவது). கோலாலம்பூர் போன்ற நகரங்களில் நீண்ட நிலத்தடிக் கேபிள்கள் இரவில் சுமை குறைந்ததும் தாமே வாரைத் தள்ளி மின்னழுத்தத்தை உயர்த்தப் பார்க்கும். அப்போது ஜெனரேட்டர் குறைக்கிளர்வில் ஓடி அதை ஏற்க வேண்டும். ஏற்கவும் எல்லை உண்டு: ஸ்டேட்டர் (ஜெனரேட்டரின் சுழலாத பகுதி) இரும்பின் முனைப் பகுதிகள் சூடேறும், இன்னும் குறைத்தால் கிரிட்டோடு உள்ள பிடியே நழுவும். ஈதல் பக்கத்தில் புலச்சுருளின் சூடுதான் எல்லை. இந்த எல்லைகளையெல்லாம் காட்டும் வரைபடத்துக்கு ‘இயலெல்லை வரைபடம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஒத்துவருகிறது.

கட்டுப்பாட்டு முறைகள் மூன்றையும் மின்னழுத்தக் கட்டுப்பாடு, திறன்காரணிக் கட்டுப்பாடு, புலத்திறன் கட்டுப்பாடு என்று நேராகவே சொல்லிவிடலாம்.

மாட்டிக்கொண்டிருப்பது ‘ட்ரூப்’. வார் கூடக் கூட ஏவிஆர் (மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் கருவி) தன் மின்னழுத்த இலக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது. அது இல்லாமல் மின்னழுத்தக் கட்டுப்பாட்டில் கிரிட்டோடு இணைத்தால், கிரிட் மின்னழுத்தம் சற்றே அசைந்தாலும் வார் எங்கெங்கோ ஓடும். ‘சரிவு’ என்றால் மின்னழுத்தச் சரிவோடு குழம்பும். ‘தாழ்விகிதம்’ என்று கோவை ஐயா முன்பு வேகச்சீராக்கிக்குச் சொன்னதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாமா? ஐயாவும், யாழ்ப்பாணத்து நண்பர்களும் பார்த்துச் சொன்னால் இந்த வாரமே சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து