கிரையோஜெனிக் என்ஜின் ரஷ்யாக்காரன் கொடுத்ததாம்! இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்வீங்க?

வள்ளியூரான்:
2025 நவம்பர் 2-ஆம் தேதி இஸ்ரோவோட எல்விஎம்-3 ராக்கெட் 4,410 கிலோ சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளைத் தூக்கிட்டுப் போச்சு. அன்னைக்கு ராத்திரியே பக்கத்து விவாத இழையில வடசென்னை வாசு எழுதறாரு: "மேல இருக்கிற கிரையோ என்ஜின் ரஷ்யா கொடுத்தது, ஸ்டிக்கர் மட்டும் நம்மது." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கிரையோன்னா கடுங்குளிர்ல திரவமாக்கின ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கற என்ஜின். எல்விஎம்-3-ல இருக்கிறது நம்ம சிஇ-20. ரஷ்யா கொடுத்தது கேவிடி-1, அது பழைய ஜிஎஸ்எல்வி ராக்கெட்ல பறந்தது. தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கணும், வாய்க்கு வந்ததை எழுதக் கூடாது.

வடசென்னை வாசு:
பேரை மாத்தினா என்ஜின் மாறிடுமா? 1991-ல ரஷ்யாவோட (அப்ப சோவியத்) விண்வெளி நிறுவனம் கிளாவ்காஸ்மாஸ்கூட ஒப்பந்தம் போட்டது யாரு? 2001-ல பறந்த முதல் ஜிஎஸ்எல்வில இருந்தது யாரோட கிரையோ? ரஷ்யாகிட்ட ஏழு வாங்கினோமா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

வள்ளியூரான்:
வாங்கினோம். யார் இல்லைன்னா? ஒப்பந்தத்துல என்ஜினும் இருந்துச்சு, தொழில்நுட்பமும் இருந்துச்சு. 1992-ல அமெரிக்கா இஸ்ரோ மேலயும் கிளாவ்காஸ்மாஸ் மேலயும் தடை போட்டான். அடுத்த வருஷமே தொழில்நுட்பத்தைத் தர முடியாதுன்னு ரஷ்யா கையை விரிச்சுட்டான். செஞ்சு முடிச்ச சரக்கு மட்டும்தான் வந்துச்சு.

இப்ப சிஇ-20-க்கு வருவோம். ரஷ்ய என்ஜின்ல பம்பைச் சுத்தின வாயு திரும்ப முக்கிய அறைக்குள்ளயே போய் முழுசா எரியும். சிஇ-20-ல பம்பைச் சுத்துறதுக்குன்னு தனியா ஒரு சின்ன எரிப்பான் இருக்கு, அந்த வாயு வேலை முடிஞ்சதும் வெளியே போயிரும். சுழற்சியே வேற. அது 7.5 டன் உந்துவிசை, இது 20 டன். எதைப் பாத்து எதைக் காப்பி அடிச்சாங்க, சொல்லுங்க பாப்போம்.

வடசென்னை வாசு:
7.5 இல்லாம 20 வந்துச்சா? ஜிஎஸ்எல்விக்கு நம்ம ஆளுங்க முதல்ல செஞ்ச சிஇ-7.5 அப்படியே கேவிடி-1 மாதிரிதானே? அதே சுழற்சிதானே? அப்ப பாடம் யார்கிட்ட படிச்சது? ரஷ்யாகிட்ட. நான் சொன்னதும் அதான்.

நாஞ்சில் செல்வி:
வாசு அண்ணா, நீங்க முதல்ல சொன்னது "ரஷ்யா கொடுத்தது". இப்ப "ரஷ்யாகிட்ட படிச்சது". ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டீங்க. இந்த சிஇ-20 இருக்கிற சி25 நிலைக்கு, அதாவது ராக்கெட்டோட மேல் அடுக்குக்கு, திட்ட இயக்குநரா இருந்தவர் எங்க குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர் வி. நாராயணன். இன்னைக்கு இஸ்ரோ தலைவர். அவர் ஆயுசையே கிரையோல கழிச்சவர். அந்த உழைப்பை ஸ்டிக்கர்னு சொல்றதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வருது?

வடசென்னை வாசு:
ஆரம்பிச்சாச்சா ஊர்ப் பாசம்! கூடங்குளம் இழையிலயும் நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் சேர்ந்துக்கிட்டு என்னை அடிச்சீங்க. மறக்கல.

வள்ளியூரான்:
கூடங்குளத்தை ஏன் இழுக்கறீங்க? அங்கயும் நீங்க கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன், நீங்க காணாமப் போயிட்டீங்க.

கோவை கணக்கன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. என்ஜின் யாரோடதா வேணா இருக்கட்டும். 2024 நவம்பர்ல 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை ஏன் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்ல அனுப்பினோம்? இப்ப 4,410 கிலோவைக்கூட வழக்கமான 36,000 கி.மீ. உச்சிக்குக் கொண்டுபோக முடியல, சுமார் 30,000 கி.மீ.லயே விட்டுட்டாங்க. மிச்ச உயரத்தைச் செயற்கைக்கோளே தன் எரிபொருளைச் செலவழிச்சு ஏறணும். இதைப் பத்திப் பேச ஒருத்தருக்கும் வாய் வரல.

வடசென்னை வாசு:
அப்படிப் போடுங்க கணக்கன்.

வள்ளியூரான்:
அது எடை பத்தின விவாதம், தனி இழை போடுங்க, வந்து பேசறேன். இங்க பேச்சு என்ஜின் யாரோடதுங்கறது.

2010 ஏப்ரல் 15 ஞாபகம் இருக்கா? முதல் தடவையா நம்ம கிரையோவோட ஜிஎஸ்எல்வி-டி3 கிளம்பிச்சு. ஹைட்ரஜனைத் தள்ளுற பூஸ்டர் பம்ப் நிமிஷத்துக்கு 34,800 சுத்து வரைக்கும் போயிட்டு, சில விநாடியில நின்னுருச்சு. ராக்கெட் கடல்ல விழுந்துச்சு. மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனை வச்சுக்கிட்டு அவ்வளவு வேகத்துல ஒரு பம்பைச் சுத்துறது என்ன வேலைன்னு தெரியுமா? கையில ரஷ்யாவோட ரகசியம் இருந்திருந்தா அப்படி விழுந்திருக்குமா? 2014 ஜனவரி 5-ல டி5 ஜெயிக்கற வரைக்கும் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஒவ்வொரு பாகமா சோதிச்சாங்க.

இஸ்ரோ என்ஜின்களைச் சோதிக்கற மகேந்திரகிரி எங்க ஊர்லேருந்து பக்கம்தான். சோதனை நடக்கற அன்னைக்கு காவல்கிணறு பக்கம் நின்னா முதல்ல மலையடிவாரத்துல வெள்ளையாப் புகை எழும்பும், அப்புறம்தான் சத்தம் வரும். கடையில தொங்குற தகரம் அதிரும். மனுஷங்களை விண்வெளிக்கு அனுப்பற ககன்யானுக்காக சிஇ-20-ஐ மட்டும் 39 தடவை எரிச்சுப் பாத்தாங்க, மொத்தம் 8,810 விநாடி. 6,350 விநாடி போதும்னு இருந்தது. இத்தனையும் ஸ்டிக்கர் ஒட்டவா?

வடசென்னை வாசு:
2021 ஆகஸ்ட்ல ஜிஎஸ்எல்வி-எஃப்10 என்ன ஆச்சு? அதுவும் கிரையோதானே?

வள்ளியூரான்:
அது சிஇ-7.5 இருக்கிற நிலை. ஹைட்ரஜன் தொட்டி வால்வுல கசிவு, அழுத்தம் குறைஞ்சுது, என்ஜின் எரியல. சிஇ-20 இந்த 2025 நவம்பர் 2 வரைக்கும் ஏழு தடவை பறந்திருக்கு, ஏழும் வெற்றி. சந்திரயான்-3 உட்பட.

வடசென்னை வாசு:
ஏழுன்னதும் ஞாபகம் வருது. ரஷ்யாகிட்ட ஏழு வாங்கினோமா இல்லையா?

பொன்னமராவதி ராஜா:
கிரையோவை விடுங்க சார். அதுக்குக் கீழ எல்110 நிலையில ரெண்டு விகாஸ் என்ஜின் இருக்கே, அது பிரெஞ்சுக்காரனோட வைக்கிங். அதுக்கு என்ன சொல்றீங்க?

வள்ளியூரான்:
வாங்க, உங்களைத்தான் காணோமேன்னு பாத்தேன். 1974-ல போட்ட ஒப்பந்தம் அது. பணமா கொடுத்து வாங்கல. நம்ம இன்ஜினியர்கள் பிரான்ஸ்ல போய் அவனுக்கு உழைச்சுக் கொடுத்தாங்க, பதிலுக்குத் தொழில்நுட்பத்தை வாங்கிட்டு வந்தாங்க. உழைச்சு வாங்கின கூலியை இரவல்னு சொல்வீங்களா?

பொன்னமராவதி ராஜா:
அப்ப வைக்கிங்தான்னு ஒத்துக்கிட்டீங்க.

நாஞ்சில் செல்வி:
வைக்கிங்லேருந்து வந்துச்சுன்னு இஸ்ரோவே மறைச்சதில்லையே ராஜா சார். யாரு மறுத்தா?

வடசென்னை வாசு:
விகாஸ் பிரான்ஸ், கிரையோ ரஷ்யா. குலசேகரப்பட்டினத்துல ஏவுதளம் வரட்டும், அதையாவது சொந்தமாக் கட்டறாங்களான்னு பாப்போம்.

யாழ் குமரன்:
குலசேகரப்பட்டினம் வாறது நல்லதுதானே. ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து தெற்க விட்டா இலங்கைக்கு மேலால போகாமல் வளைச்சுக் கொண்டு போகோணும். அந்த வளைவில சின்ன ராக்கெட்டுகளுக்கு எவ்வளவு எரிபொருள் வீணாகுது! குலசேகரப்பட்டினத்தில இருந்தெண்டால் நேராத் தெற்க விடலாம்.

வடசென்னை வாசு:
குமரன், இங்க கேள்வி அது இல்ல. ரஷ்யாகிட்ட ஏழு வாங்கினோமா இல்லையா?

வள்ளியூரான்:
ஏழு வாங்கினதுல பறந்தது ஆறு. அந்தக் கணக்குகூடத் தெரியாம வந்து பேசறீங்க. ஒண்ணு இன்னும் பறக்கவே இல்ல. சிஇ-20-ல ரஷ்யாவோட பாகம் ஒண்ணே ஒண்ணு பேர் சொல்லுங்க. மூணு நாளாக் கேக்கறேன்.

வடசென்னை வாசு:
ஆறோ ஏழோ, வாங்கினீங்கல்ல?

கோவை கணக்கன்:
4,700 கிலோவுக்கு இன்னும் பதில் வரல.