ஆங்கில 'லைப்ரரி' நூலகம், பிரெஞ்சு 'லிப்ரெரி' புத்தகக் கடை: பொருள் விலகியது எப்படி?

மொழிமாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் பிரெஞ்சு கற்று வருகிறேன். பாடநூலில் 'லிப்ரெரி' என்பதற்குப் புத்தகக் கடை என்றும், நூலகத்துக்கு 'பிப்லியொதேக்' என்றும் பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'லைப்ரரி' பிரெஞ்சிலிருந்து வந்ததாக அகராதிகள் கூறும்போது, பொருள் மட்டும் ஏன் இப்படி விலகியது? மேலும், இச்சொல் விடுதலையைக் குறிக்கும் 'லிபர்ட்டி'யோடு உறவுடையது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அது சரிதானா?

பழஞ்சுவடி:
இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: உறவு இல்லை. இலத்தீனில் முதலெழுத்து குறிலாக ஒலிக்கும் 'லிபெர்' புத்தகம். நெடிலாக ஒலிக்கும் 'லீபெர்' அடிமையல்லாதவன். கல்லும் காலும் வேறு வேறு என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறிலுடைய 'லிபெர்' முதலில் குறித்தது மரப்பட்டையின் உட்புற மெல்லடுக்கை. முன்னோர் அதில்தான் எழுதினர் என்று உரோமர் நம்பினர்; கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம அறிஞர் பிளினி, மக்கள் முதலில் பனையோலையிலும் பிறகு சில மரங்களின் பட்டையிலும் எழுதியதாகக் குறிப்பிடுகிறார். எழுதுபொருள் பாப்பிரஸ் என்ற கோரைத் தாளாகவும் பின்னர் தோலாகவும் மாறிய போதும் பெயர் மாறவில்லை. பனை இதழைக் குறித்த நம் 'ஏடு' காகிதப் புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் பெயரானதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சுத் தாவரவியலில் பட்டையின் உள்ளடுக்குக்கு இன்றும் 'லிபேர்' என்றுதான் பெயர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஏட்டுவாசகன்:
முதல் கேள்விக்கு வருகிறேன். கடை என்ற பொருள் பிரெஞ்சுக்காரர்கள் புதிதாகப் படைத்ததன்று. இலத்தீனிலேயே 'தபெர்னா லிப்ராரியா' என்றால் புத்தகக் கடை. 'லிப்ராரியுஸ்' என்பவர் நூல்களைப் படியெடுப்பவர், விற்பவரும் அவரே. நூலகத்துக்கு உரோமர் பெரும்பாலும் 'பிப்லியொதேக்கா' என்ற கிரேக்கச் சொல்லையே ஆண்டனர்.

ஆயினும் இடைக்காலப் பிரெஞ்சில் 'லிப்ரெரி' நூல் தொகுப்பையும் அது இருந்த அறையையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் மன்னர் ஐந்தாம் சார்ல் லூவ்ர் கோட்டையின் கோபுரம் ஒன்றில் சேர்த்துவைத்த நூல்கள் அப்பெயராலேயே வழங்கின. ஆங்கிலம் இச்சொல்லைக் கடன் வாங்கியதும் அந்த நூற்றாண்டில்தான். ஆங்கிலக் கவிஞர் சாசரின் உரைநடையில் அது காணப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில்கூடப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன் தம் கோபுரத்து நூலறையை 'லிப்ரெரி' என்றே எழுதினார். அச்சு பரவி நூல் வணிகம் பெருகிய காலத்தில் அச்சொல் வணிகத்தின் பக்கம் சாய, அது விட்ட இடத்தைக் கிரேக்கச் சொல் பிடித்துக்கொண்டது. ஆகவே, விலகிப்போனது பிரெஞ்சுதான்; ஆங்கிலம் தான் வாங்கிய பழம்பொருளை விடாமல் வைத்திருக்கிறது. ஸ்பானிய, இத்தாலிய மொழிகளிலும் இதன் உறவுச்சொற்கள் இன்று புத்தகக் கடையையே குறிக்கின்றன.

பிரெஞ்சுச் சொல் வந்து சேரும் முன்பு பழைய ஆங்கிலத்தில் 'போக்ஹோர்ட்' என்ற சொந்தச் சொல் இருந்தது. புத்தகக் கருவூலம் என்று பொருள். அது வழக்கொழிந்தது எனக்கு வருத்தமே.

பழஞ்சுவடி:
கிரேக்கச் சொல்லையும் பிரித்துப் பார்ப்போம். 'பிப்லியோன்' நூல், 'தேக்கே' பொருளை வைக்கும் பெட்டி அல்லது இடம். இதே 'தேக்கே', சரக்கறையைக் குறிக்கும் 'அப்போதேக்கே' என்ற சொல்லிலும் இருக்கிறது. அதிலிருந்து பிறந்ததே ஜெர்மனில் மருந்துக்கடையைக் குறிக்கும் 'அப்போதேக்கெ'. நம் ஊர்த் துணிக்கடைப் பலகைகளில் காணும் 'பொட்டிக்' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக வந்த அதன் வாரிசுதான்.

மொழிமாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. கணினி நிரலாளர்கள் ஆயத்த நிரல்களின் தொகுப்பைச் சொல்லும் 'லைப்ரரி'க்குப் பிரெஞ்சில் எச்சொல்லை ஆள்வது?

ஏட்டுவாசகன்:
அங்கும் 'பிப்லியொதேக்' என்பதே சரி. ஆங்கிலத்தின் ஓசையைப் பின்பற்றிப் பிரெஞ்சு நிரலாளர்கள் பலர் 'லிப்ரெரி' என்று சொல்வதுண்டு. தேர்வில் அப்படி எழுதாதீர்கள்.